குருவிக்கு என்ன அவசரம்

வெள்ளக்கடை
20 ஜனவரி 2025

கீர்த்திகாவுக்கு,

இதைத் தாளில் எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் நீ ஏழு நிமிடக் குரல்பதிவு ஒன்று அனுப்பினாய். நான் நாகலூர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்புறம் கேட்கிறேன் என்று சொல்வதற்காக ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டேன். முந்தாநாள் உன் அலுவலகத்திலிருந்து எங்கள் பாலர் பள்ளிக்கு வந்த கடிதத்தில் 'கதாசிரியர் ஜெஸ்லினின் ஒப்புதலுடன்' என்று இருக்கிறது. இனி நான் எதற்காவது ஒப்புக்கொண்டால் அது மையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏற்காடு தபால் நிலைய முத்திரையோடு வரும். அப்படி வராத எதுவும் என் ஒப்புதல் இல்லை.

அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மலைப்பகுதிப் பாலர் பள்ளிகளுக்கு நம் பாட்டுச் செயலியின் 'எளிய பதிப்பு' தரப்போகிறீர்களாம். அதில் மோகனம் கிடையாது. ஹம்சத்வனியும் ஆனந்தபைரவியும் கிடையாது. பிள்ளை திரையைத் தட்டினால் மணி அடிக்கும், கொண்டைக்குருவி 'சபாஷ்' என்று சொல்லும். அவ்வளவுதான். காரணமும் எழுதியிருக்கிறீர்கள். 'இப்பகுதிக் குழந்தைகளுக்குச் செவ்வியல் இசையோடு முன்பழக்கம் இல்லாததால் பதிலளிக்க இயலவில்லை.'

நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தச் செயலியை எதற்கு ஆரம்பித்தோம் என்று யோசித்துப் பார். தன் பாட்டைத் தொலைத்த கொண்டைக்குருவி ஐந்து மேடு ஏறுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் பாட்டில் ஒரு துண்டு கிடைக்கிறது. குருவி பாடும், கேட்கும் பிள்ளை திருப்பிப் பாடும். ஐந்தாவது மேட்டில் மோகனம் முழுதாகக் கிடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ராகத்தின் பெயர் தெரிய வேண்டாம், ஏறி இறங்கின வழி தெரிந்தால் போதும் என்று சொன்னவள் நீ. அந்த மேடுகளை நான் எங்கே பார்த்து எழுதினேன்? இந்த ஜன்னலுக்கு வெளியே. இங்கே பிறந்த கதை எல்லோருக்கும் உண்டு, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் மணிச்சத்தம் போதுமா?

எளிய பதிப்புக்கு என் சம்மதம் இல்லை. நான்காவது கதையை, குருவி தூங்கப்போகும் நீலாம்பரிக் கதையை, எழுதி முடித்துவிட்டேன். அதை அனுப்பப் போவதில்லை.

ஜெஸ்லின்


சென்னை
27 ஜனவரி 2025

ஜெஸ்லி,

தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று விசாரித்ததில் அலுவலகத்தில் ஒருவன் 'ஆன்லைன்ல பாத்தீங்களா?' என்றான். உன் புண்ணியத்தில் மதிய உணவு நேரம் முழுக்க ஒரு வரிசையில் நின்றேன். சந்தோஷமா?

கட்டைவிரல் விஷயத்தில் தப்பு என்னுடையது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மற்றதில் நீ கொஞ்சம் நியாயமாகப் பேசு.

உன் பள்ளிக்கு மூன்று டேப்லட் அனுப்பினோம். இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு மாதம். குருவி பாடிவிட்டுக் காத்திருந்த நூறு தடவையில் எழுபத்தொரு தடவை 'பதிலில்லை' என்று பதிவாகியிருக்கிறது. சென்னையில் அது பதினெட்டு. இதை நான் கற்பனை செய்யவில்லை. பாலகுமாரிடம் (அவர்தான் என் மேலதிகாரி, உனக்குத் தெரியும்) உன் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. 'பதில் சொல்ல முடியாத பிள்ளை முன்னாடி ஒரு குருவி மறுபடி மறுபடி முகத்தைத் திருப்பிக்கிட்டா, அது மனசு என்ன பாடு படும்?'  இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

ஏனென்றால் அந்த முகத்தைத் திருப்புவதை எழுதியது நீ. என்னிடம் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. 'பதில் வராவிட்டால் கொண்டைக்குருவி கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்காரும்.' கொண்டையைச் சிலிர்ப்பதுபோல் ஓரத்தில் படம்கூடப் போட்டிருந்தாய்.

இன்னொன்று. சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். உனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவாய். மூன்றாம் வருடம், சேலத்தில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் நீ வில்லைக் கையில் பிடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். ஆரம்பிக்கத் தாமதம் என்று நடுவர் மணியடித்தார். நீ வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாய். நான் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு முந்நூறு பேர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாதியில் இறங்கிப் போகிற பிள்ளை மாதிரி இப்போது நீலாம்பரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பாதே. ஒன்றுமில்லாததற்கு எளிய பதிப்பு மேல் இல்லையா?

கீர்த்தி


வெள்ளக்கடை
4 பிப்ரவரி 2025

கீர்த்திகா,

ஆமாம், அந்த வரி என்னுடையது. உன் கடிதத்தைப் படித்ததும் பெட்டியைக் குடைந்து பார்த்தேன். பிள்ளைகள் டூ விட்டுக்கொள்வது போல ஒரு விளையாட்டாக நினைத்து எழுதியிருக்கிறேன். குருவி கோபித்துக்கொண்டால் பிள்ளை சிரிக்கும், தாஜா பண்ணும் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் வள்ளி. ஐந்து வயது. டேப்லட் வருவதற்கு முன்னால் இங்கே வாய் ஓயாமல் பாடுகிறவள் அவள்தான். இப்போது டேப்லட் பெட்டியைத் திறந்தாலே ஆரோக்கியசெல்வி அக்காவின் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அக்கா எங்கள் பள்ளியில் சமைக்கிறவர். 'அந்தக் குருவிக்கு என்னைய புடிக்கலீங்க்கா' என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா கண்ணாயி மிளகு பறிக்கப் போயிருந்தார். எதிர்ச் சரிவில், மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தில் ஏணி சாய்த்து மேலே நின்றிருந்தார். நடுவில் ஒரு பள்ளம். வள்ளி வாசலில் நின்று 'அம்மோவ், டீச்சர் வந்திருக்காங்கோ' என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கூப்பிடு என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. 'உக்காரச் சொல்லு சாமீ, வந்தர்றேன்.' இப்போது வள்ளி பேசாமல் நின்றாள். அம்மாவின் குரல் பாறையில் பட்டுத் திரும்பி முழுதாக அடங்கிய பிறகுதான் 'செரீ' என்றாள்.

கண்ணாயி வந்ததும், ஏன் உடனே பதில் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

'அதெப்பிடீங்க டீச்சர்? அந்தப் பக்கத்துக் குரல் வந்து அடங்குறதுக்கு மின்னாலயே நாம கத்துனா ரெண்டும் கலஞ்சு போயிருமில்லீங்க? அப்பறம் எனக்கும் கேக்காது, அவளுக்கும் கேக்காது. கூப்பாட்ட மிதிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான வளக்குறோம். மிதிச்சா ஒரு போடு போடுவேன்' என்றார். பக்கத்தில் வள்ளி பெருமையாக நின்றாள். ஒரு தடவைகூட மிதித்ததில்லையாம்.

கீர்த்தி, உன் குருவி எத்தனை நேரம் காத்திருக்கிறது? நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு விநாடி.

திங்கட்கிழமை டேப்லட்டை மூடி வைத்துவிட்டுக் குருவி பாடுகிற இடத்தில் நானே பாடினேன். ச ரி க. பிறகு வாயை மூடிக்கொண்டு மனதில் எண்ணினேன். ஒன்று, இரண்டு. இங்கேதான் உங்கள் அறிக்கையில் 'பதிலில்லை' விழுகிறது. மூன்று, நான்கு. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதில் வள்ளி பாடினாள். ச ரி க. காந்தாரத்தில் நான் கொடுத்த சின்ன அசைவுகூட அப்படியே வந்தது. அவள் குரல் அடங்கியதும் பின்வரிசை பாடியது. ஒருவரும் ஒருவரையும் மிதிக்கவில்லை. முழு வகுப்பும் பாடி முடிக்க நேரம் ஆயிற்று. எங்களுக்கு வேறு எங்கே போகவேண்டியிருக்கிறது?

முன்பழக்கம் இல்லையாம். உங்கள் குருவிக்குத்தான் கேட்டுப் பழக்கம் இல்லை.

இரண்டு விநாடியை ஆறாக்கு. முதுகைத் திருப்பும் காட்சியை எடுத்துவிடு. அதுவரை எளிய பதிப்பு எங்கள் வாசலைத் தாண்டாது.

ஜெஸ்லின்

பின்குறிப்பு: சேலம் போட்டியைப் பற்றிப் பேச நான் இன்னும் தயாராக இல்லை.


சென்னை
12 பிப்ரவரி 2025

ஜெஸ்லி,

உன் கடிதம் வந்த அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு பழைய ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். குருவி முதுகைத் திருப்பும் படம் ஓட அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடி மைக் திறந்தேயிருக்கும். அதன் பிறகு மூடிவிடும். 'பதிலில்லை' என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் ஹெட்போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பலவற்றில் ஒன்றுமில்லை. மழை, பாத்திரச் சத்தம், யாரோ தும்முவது. ஆனால் முப்பத்தொரு பதிவில் கடைசியில் ஒரே மாதிரி ஒன்று கேட்கிறது. மூச்சு. யாரோ நெஞ்சை நிறைத்து உள்ளே இழுக்கும் மூச்சு. உடனே பதிவு வெட்டுப்பட்டுவிடுகிறது. பன்னிரண்டு வருடம் பாட்டுக் கற்றவள் நான். அது சும்மா விடும் மூச்சு இல்லை. பாடப்போகிறவர்கள் இழுக்கும் மூச்சு.

நாங்கள் அதை மௌனம் என்று எண்ணியிருக்கிறோம். அந்த இரண்டு விநாடியை முடிவு செய்தது நான்தான் ஜெஸ்லி. வேறு யாரும் இல்லை. அக்கா மகனை மடியில் உட்கார வைத்துப் பார்த்தேன், இரண்டு விநாடியில் அவன் வேறு எதையோ தட்டப் போனான், சரி இரண்டு என்று எழுதினேன். ஒரு பையன், ஒரு சோபா.

மறுநாள் பாலகுமாரிடம் போனேன். எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். கேட்டார், நிஜமாகவே கேட்டார். பிறகு சொன்னார்: 'ஒரு மலைக்காக மொத்த ஆப்பையும் ஸ்லோ பண்ணச் சொல்றியா? ஆறு செகண்ட் சும்மா இருந்தா சிட்டில பசங்க மூடிட்டுப் போயிடுவாங்க. மலைப் பசங்களுக்குத்தான் எளிய பதிப்பு ரெடியா இருக்கே. அதுல யாரும் தோக்க மாட்டாங்க.'

அதில் யாரும் பாடப்போவதே இல்லை, பிறகு எப்படித் தோற்பார்கள்? வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் எனக்கு இது தோன்றியது.

மார்ச் ஆறாம் தேதி ஏற்காட்டில் செயல்விளக்கம். மலைப் பள்ளிகளுக்கு டேப்லட் வாங்கித் தரும் அறக்கட்டளையிலிருந்து வருகிறார்கள். பழைய பதிப்பை ஒரு தடவை காட்டி, பிள்ளைகள் பதில் சொல்லவில்லை என்பதை நிரூபித்து, உடனே எளிய பதிப்பைப் போட்டுக் காட்டுவது பாலகுமாரின் திட்டம். உன் பள்ளிப் பிள்ளைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். நீ வரமாட்டேன் என்றால் வேறு பள்ளி. யோசித்து முடிவு செய். இந்தத் தடவை நான் எந்த விரலையும் எதிர்பார்க்கவில்லை.

கீர்த்தி


வெள்ளக்கடை
21 பிப்ரவரி 2025

கீர்த்தி,

வருகிறோம்.

ஆரோக்கியசெல்வி அக்காவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த கரண்டியால் அடுப்பைத் தட்டிக்கொண்டே, 'இதுக்குப் போயி ஏன் டீச்சர் மண்டைய ஒடைக்கிறீங்க? குருவி வாய மூடுனதும் நான் பின்னால நின்னு ஒரு கை தட்டறேன். தட்டுனதும் பாடுங்கடான்னா பாடுவாங்க. மூணே நாள்ல பழகிருவாங்க. சோத்துக்கு மணியடிச்சா ஓடி வர்றாங்கல்ல?' என்றார்.

எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு நாள் செய்து பார்த்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பலித்தது. குருவி பாடியது, அக்கா தட்டினார், பதினாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டேப்லட்டில் பூ பூத்தது, 'அருமை' என்று எழுத்து வந்தது. ஆனால் அவர்கள் பாடியது குருவி பாடியது இல்லை. கைதட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குருவியைக் கேட்கவே இல்லை. வள்ளி மட்டும் எல்லோரும் முடித்த பிறகு, தனியாக, மெதுவாக, சரியாகப் பாடினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, 'வேண்டாம் டீச்சர். நாயப் பழக்குற மாதிரி இருக்குது' என்றார்.

அதனால் எந்த ஒத்திகையும் இல்லாமல் கூட்டிவருகிறேன். சீக்கிரம் பாடு என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லமாட்டேன். எழுபத்தொன்று நூறாக ஆனாலும் ஆகட்டும். அவசரப்படுவதற்கு இசை என்று பெயர் வைத்து நான் சொல்லித்தர மாட்டேன்.

சேலம் போட்டியைப் பற்றி. அன்றைக்கு நான் ஆரம்பிக்காமல் கண்ணை மூடியிருந்தது பயத்தால் இல்லை. உன் சுருதி அந்தக் கூடத்தில் சென்று நிறைவதற்காகக் காத்திருந்தேன். நிறைந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. நடுவரிடம் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் நான் இறங்கிப் போனது உனக்குச் செய்த துரோகம். ஆறு வருடமாக எழுத நினைத்து எழுதாத வரி இது.

ஜெஸ்லின்


சென்னை
1 மார்ச் 2025

ஜெஸ்லி,

கடைசி வரியை மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். பதில் நேரில்தான். ஆனால் ஆறாம் தேதி இல்லை. பாலகுமார் தானே வருகிறார், என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'நீ அந்த டீச்சர் பக்கம் பேசுவ' என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு கூட்டிப்போவாரா?

இரண்டு விநாடியை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. அவருக்குத் தெரியாமல் மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திருட்டுத்தனமாக ஜெயித்தால் அது ஜெயித்ததாக இருக்காது என்று நீயே சொல்வாய். அதனால் அவர் முன்னாலேயே ஒன்று கேட்டு வாங்கினேன். ஆராய்ச்சிக்காக, குருவி திரும்பிய பிறகும் மைக் மட்டும் திறந்திருக்கட்டும் என்றேன். அதில் என்ன இருக்கிறது, செய்துகொள் என்றார்.

ஆகவே ஆறாம் தேதி உன் பிள்ளைகள் முன்னால் குருவி முதுகைத் திருப்பும். அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஆனால் அதன் காது மூடாது.

கீர்த்தி


வெள்ளக்கடை
8 மார்ச் 2025

கீர்த்தி,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கூட்டிக் குறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

பதினொரு பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். அக்காவும் வந்தார். கண்ணாயி அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தார். கூட்டம் மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். அறக்கட்டளையிலிருந்து மரியசெல்வி என்று ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வலி போல, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் ஒரு கோப்பு, கையில் பேனா. உன் பாலகுமார் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிஸ்கட் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டேப்லட்டைப் பெரிய திரையில் இணைத்தார். குருவி முதல் மேட்டில் வந்து உட்கார்ந்தது. பாடியது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்று, இரண்டு. குருவி கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. அத்தனை பெரிய திரையில் அது எவ்வளவு பெரிய முதுகு தெரியுமா? நான் எழுதிய முதுகு.

'பாத்தீங்களா மேடம்? இதைத்தான் ரிப்போர்ட்ல சொல்லியிருந்தோம். குழந்தைங்க மேல தப்பு இல்ல. இப்ப எளிய பதிப்பு போடறேன், எப்படி மாறுறாங்கன்னு பாருங்க' என்று பாலகுமார் டேப்லட்டை எடுக்கப் போனார்.

 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன். ஆமாம், மறுபடியும்தான். இரண்டடிகூட வைத்துவிட்டேன்.

அப்போது வள்ளி அக்காவின் முந்தானையை விட்டுவிட்டு முன்னால் போனாள். டேப்லட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். 'ஏனுங்க சார், எடுக்காதீங்க. சித்த இருங்க. நான் இன்னும் பாடவே இல்லீங்களே.'

'அது திரும்பிடுச்சும்மா' என்றார் பாலகுமார்.

வள்ளி திரையை ஒரு முறை பார்த்தாள். 'திரும்புனா என்னங்க? எங்கம்மா மரத்து மேல இருக்கும்போது அந்தப் பக்கந்தான் பாத்துட்டிருக்கும். முதுகுதான் தெரியும். கேக்காதா?'

அப்புறம் அவள் அந்த முதுகைப் பார்த்துப் பாடினாள். ச ரி க. பாடிவிட்டுக் காத்திருந்தாள். அவள் குரல் மண்டபத்தின் ஓட்டுக்கூரையில் பட்டு அடங்கியதும் பின்னால் நின்ற பத்துப் பேரும் பாடினார்கள். குருவி திரும்பவில்லை. அதற்கு அப்படி எழுதி வைக்கவில்லையே. வள்ளி அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது மேட்டுக்குத் தானே ஏறினாள். பிறகு மூன்றாவதற்கு. திரையில் குருவி முதல் மேட்டிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஐந்து மேட்டையும் ஏறி, தைவதத்தில் கொஞ்சம் நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் நடுவில் அந்த அமைதி. முதலில் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. மூன்றாவது மேட்டுக்கு வரும்போது அந்த அமைதிக்காகவே எல்லோரும் காத்திருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இறங்கிப் போகவில்லை.

முடிந்ததும் கண்ணாயி ஒரே ஒரு வார்த்தை சொன்னார், மகளைப் பார்த்து இல்லை, திரையைப் பார்த்து. 'இப்பத் திரும்பு.'

மரியசெல்வி அம்மா சிரித்துவிட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு பாலகுமாரிடம் கேட்டார்: 'ஏன் தம்பி, இந்தக் குருவிக்கு என்ன அவசரம்?'

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த அம்மா காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எங்களுக்குத்தான் அது பழக்கம் ஆயிற்றே. பதில் வரவில்லை.

எளிய பதிப்பைப் போட்டுக் காட்டவில்லை. கோப்பில் அந்த அம்மா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருந்தாலும் எங்கள் பள்ளியில் மோகனம் நிற்காது. டேப்லட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டாலும் நிற்காது.

ஜெஸ்லின்


சென்னை
17 மார்ச் 2025

என் ஜெஸ்லி,

நீ எழுதுவதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன். ஆறாம் தேதி மாலை பதிவு இங்கே வந்து இறங்கியது. மேலே கொட்டை எழுத்தில் 'பதிலில்லை'. அதன் கீழே ஆறு நிமிடம் பத்து விநாடி மோகனம். அதை அலுவலகத்தின் நடுவில் ஒலிபெருக்கியில் போட்டேன். 'இப்பத் திரும்பு' என்று ஒரு குரல் வந்ததும் தபால்தலைக்கு ஆன்லைனில் தேடச் சொன்ன அதே பையன் தன் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தான்.

அறக்கட்டளையின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எளிய பதிப்பு வேண்டாம். முழுப் பதிப்பு வேண்டும், காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பாலகுமார் ஒத்துக்கொண்டார். 'மலைப் பதிப்புக்கு மட்டும் ஆறு செகண்ட் வெச்சுடு' என்றார். முடியாது என்றேன். எல்லோருக்கும் ஆறு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உன் குரல் மாதிரி இருந்தது, எனக்கே பயமாக இருந்தது. அதே அக்கா மகனை அதே சோபாவில் உட்கார வைத்து எடுத்த வீடியோவை அவரிடம் காட்டினேன். மூன்று விநாடி நெளிந்தான். நான்காவதில் திரையைத் தட்ட விரலை நீட்டினான். ஐந்தாவதில் விரல் அந்தரத்தில் நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், பாடினான். சுருதி சேரவில்லை, ஆனால் பாடினான். 'சரி, எல்லாருக்கும் ஆறே வெச்சுக்கோ' என்று பாலகுமார் எழுந்து போய்விட்டார்.  வேலை இன்னும் இருக்கிறது.

நீ கேட்ட இன்னொன்றையும் செய்துவிடுகிறேன். முதுகைத் திருப்பும் காட்சியை எடுத்துவிடலாம். குருவி முன்பக்கம் பார்த்தே சாந்தமாக உட்கார்ந்திருக்கட்டும். படம் வரைகிறவரிடம் சொல்லிவிடவா?

நீலாம்பரிக் கதையைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

கீர்த்தி


வெள்ளக்கடை
26 மார்ச் 2025

கீர்த்தி,

பத்து நாள் முன்னால் பெய்த மழைக்கு இன்று காப்பி பூத்திருக்கிறது. சரிவு முழுக்க வெள்ளை. பிள்ளைகள் வகுப்பில் உட்கார மறுத்துவிட்டார்கள்.

நீலாம்பரிக் கதை இதனுடன் இருக்கிறது. மையால் எழுதி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை.

முதுகைத் திருப்பும் காட்சியை எடுக்காதே.

சென்ற மாதம் எடுக்கச் சொன்னவள் நான்தான். இப்போது வேண்டாம் என்பதும் நான்தான். இங்கே வந்து பார். குருவி இப்போது ஆறு விநாடி காத்திருக்கிறது, எங்கள் பிள்ளைகள் பாடிவிடுகிறார்கள், அது திரும்புவதே இல்லை. ஆனால் வள்ளியும் கூட்டாளிகளும் வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு நான்கு, ஐந்து என்று விரலை மடக்குகிறார்கள். குருவி கோபித்துக்கொண்டு திரும்பும்வரை அடக்கிக்கொண்ட சிரிப்பில் முகமெல்லாம் சிவந்துபோகிறது. அது திரும்பியதும் ஒன்றாகச் சேர்ந்து அதன் முதுகுக்குப் பாடுகிறார்கள். 'கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும் டீச்சர். நாம பாடலாம்' என்கிறாள் வள்ளி.

இந்தப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்காரப் போகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள், கீர்த்தி. அத்தனை பேரையும் நீயும் நானும் ஒரு திரையிலிருந்து அழித்துவிட முடியாது. ஐந்து வயதிலேயே அந்த முதுகைப் பார்த்து முழு ராகத்தையும் பாடக் கற்றிருக்கிறார்கள். எனக்கு இருபது வயதில் வராதது. அதை அவர்களிடமிருந்து பிடுங்காதே.

குருவி திரும்பிக்கொள்ளட்டும். நீ காதை மட்டும் மூடாமல் வை.

ஏப்ரலில் வா. சுருதிப்பெட்டியைக் கொண்டுவா. வயலினுக்குத் தந்தி மாற்றிவிட்டேன்.

ஜெஸ்லி